இரு வல்லரசுகளின் நடுவே ஒரு கவிஞர்: போரிஸ் பாஸ்டர்நாக்

1958ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் முதல் அக்டோபர் வரை பெல்ஜியத்தின் தலைநகராகிய பிரஸ்ஸல்ஸில் உலகக் கண்காட்சி ஒன்று நடைபெற்றது. ஏறத்தாழ நான்கு கோடி மக்கள் அதைக் கண்டு சென்றனர். அங்கே சோவியத் நாட்டின் மண்டபமும் அமெரிக்க மண்டபமும் ஒன்றையொன்று விஞ்ச முயன்று அருகருகே நின்றன. முந்தைய ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் வானில் ஏவிய ஸ்புட்னிக்கின் மாதிரியைச் சோவியத் ஒன்றியம் பெருமிதத்தோடு தொங்கவிட்டிருந்தது. அமெரிக்காவோ வண்ணத் தொலைக்காட்சியையும் ஆடை அலங்கார அணிவகுப்பையும் காட்டி, வாழ்க்கை என்றால் இதுவே என்று உலகுக்கு உணர்த்த முற்பட்டது. இந்த ஆரவாரங்களுக்கிடையே வாடிகன் மண்டபத்தில், திரைக்குப் பின்னால், ஒரு சிறு நூலகம் இருந்தது. ரஷ்ய மொழி பேசும் பார்வையாளர் எவரேனும் வந்தால் அவர் கையில் நீலத்துணி அட்டையிட்ட கனத்த நூல் ஒன்று கொடுக்கப்பட்டது. பெற்றவர்கள் அட்டையைக் கிழித்தெறிந்தனர். தாள்களைப் பிரித்துச் சட்டைப் பைகளில் செருகிக்கொண்டனர். கண்காட்சித் திடலில் நீல அட்டைகள் சிதறிக் கிடந்தன. அந்த நூலை எழுதியவர் அப்போது மாஸ்கோவுக்கு வெளியே பெரெடெல்கினோ என்னும் எழுத்தாளர் குடியிருப்பில் வாழ்ந்துவந்தார். தம் எழுத்தை அயல்நாட்டு உளவு நிறுவனம் ஒன்று அச்சிட்டு வழங்குகிறது என்பதை அவர் அறியார்.

அவர்தாம் போரிஸ் லியோனிதோவிச் பாஸ்டர்நாக். 1890ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள் மாஸ்கோவில் பிறந்தார். தந்தை லியோனித் பாஸ்டர்நாக் புகழ்பெற்ற ஓவியர். டால்ஸ்டாயின் ‘புத்துயிர்ப்பு’ நாவலுக்குப் படம் வரைந்தவர். தாய் ரோசா காவ்ஃப்மன் மேடைகளில் பியானோ வாசித்துப் பெயர் பெற்றவர். கலையை மூச்சாகக் கொண்ட யூதக் குடும்பம் அது. டால்ஸ்டாய் அவ்வீட்டுக்கு வந்து இசை கேட்டிருக்கிறார். 1910ஆம் ஆண்டு நவம்பரில் அந்தப் பெருங்கிழவர் அஸ்தாபொவோ என்னும் சிறு ரயில் நிலையத்தில் உயிர்நீத்தபோது, அவர் முகத்தைக் கடைசியாக வரைவதற்குத் தந்தை விரைந்தார். இருபது வயது மகனும் உடன் சென்றார்.

இளமையில் பாஸ்டர்நாக்கை ஆட்கொண்டது கவிதையன்று, இசையே. 1903ஆம் ஆண்டுக் கோடையில் அண்டை வீட்டில் தங்கியிருந்த இசைமேதை ஸ்கிரியாபின் இசையமைப்பதைத் தோட்டத்து மரங்களுக்கிடையே நின்று கேட்ட சிறுவர் மயங்கிப்போனார். அதே கோடையில் குதிரையிலிருந்து விழுந்து கால் ஒடிந்தது. ஒரு கால் சற்றே குட்டையாயிற்று. அந்தக் குறைதான் பின்னாளில் அவரை முதல் உலகப் போரின் களத்துக்குப் போகவிடாமல் காத்தது. ஆறு ஆண்டுகள் இசையமைப்பு பயின்றார். ஸ்கிரியாபினே பாராட்டினார். ஆயினும் சுரத்தைக் கேட்ட மாத்திரத்தில் பெயர் சொல்லும் செவி தமக்கு வாய்க்கவில்லை என்பதைப் பெருங்குறையாகக் கருதி, இசையை அடியோடு விட்டொழித்தார். ஸ்கிரியாபினுக்கும் அந்தச் செவி இல்லை என்பது வேடிக்கை. பிறகு தத்துவம். தாய் சிறுகச் சிறுகச் சேர்த்துத் தந்த 200 ரூபிளோடு 1912ஆம் ஆண்டுக் கோடையில் ஜெர்மனியின் மார்புர்க் நகருக்குச் சென்று ஹெர்மன் கோஹனிடம் பயின்றார். அங்கே தாம் விரும்பிய பெண் தம்மை மறுத்துவிட, தத்துவத்தையும் அங்கேயே விட்டுவிட்டுக் கவிஞராகத் திரும்பினார். இரண்டு கலைகளைத் துறந்த பின்னரே மூன்றாவது அவருக்கு வசப்பட்டது.

1917ஆம் ஆண்டுக் கோடை ரஷ்யாவின் வாழ்விலும் அவர் வாழ்விலும் பெருவெள்ளம். இரு புரட்சிகளுக்கு இடைப்பட்ட அந்த மாதங்களில் எழுதிய கவிதைகள் ‘என் சகோதரி வாழ்க்கை’ என்னும் தொகுப்பாக 1922இல் வெளிவந்தன. அச்சாவதற்கு முன்னரே அவை கையெழுத்துப் படிகளாகக் கவிஞர்களிடையே உலவின. மழையும் தோட்டமும் ரயில் அட்டவணையும் ஒரே மூச்சில் பேசும் அக்கவிதைகளில் புரட்சி ஒரு கட்சியின் செயலாக இல்லை. பருவமாற்றம்போல இயற்கை நிகழ்வாக இருந்தது. அவருக்கும் அரசுக்கும் பின்னாளில் எழுந்த பிணக்கின் வித்து அங்கேயே விழுந்துவிட்டது எனலாம். 1921இல் பெற்றோரும் தங்கையர் இருவரும் பெர்லினுக்குப் போய்ப் பின்னர் இங்கிலாந்தில் குடியேறினர். அவர் மாஸ்கோவிலேயே தங்கினார். 1923க்குப் பின் தாய் தந்தையரை அவர் மீண்டும் காணவேயில்லை.

1930இல் மயகோவ்ஸ்கி தற்கொலை செய்துகொண்டார். சோவியத் யுகத்தின் தலைசிறந்த கவிஞர் அவரே என்று 1935 டிசம்பரில் ஸ்டாலின் அறிவித்தபோது, பாஸ்டர்நாக் ஸ்டாலினுக்கு நன்றி தெரிவித்துக் கடிதம் எழுதினார். அந்த ஆசனம் தமக்கு வந்துவிடுமோ என்ற அச்சம் நீங்கிற்று என்பதே நன்றியின் காரணம். ஏனெனில் 1934இல் கூடிய முதல் எழுத்தாளர் மாநாட்டில் புகாரின் அவரை வெகுவாகப் போற்றியிருந்தார். அந்நாளில் அவர் அரசுக்கு வேண்டாதவர் அல்லர். 1936 புத்தாண்டு நாளன்று ‘இஸ்வெஸ்தியா’ நாளிதழில் ஸ்டாலினைப் புகழும் கவிதைகளை வெளியிட்டவரும் அவரே. இதை மறைத்துவிட்டு அவரை மாசு மருவற்ற எதிர்ப்பாளராகக் காட்டுவது வரலாற்றுக்கு ஒவ்வாது.

1934ஆம் ஆண்டின் தொலைபேசி அழைப்பு ஒன்று அவரை வாழ்நாள் முழுதும் வருத்திற்று. ஸ்டாலினை எள்ளிக் கவிதை பாடியதற்காகக் கவிஞர் ஓசிப் மண்டெல்ஷ்டாம் அவ்வாண்டு மே மாதம் கைதானார். பாஸ்டர்நாக் புகாரினிடம் சென்று முறையிட்டார். ஜூன் மாதத்தில் ஒரு நாள் ஸ்டாலினே தொலைபேசியில் அழைத்தார். மண்டெல்ஷ்டாம் வித்தகர்தானா என்று வினவினார். பாஸ்டர்நாக் நேராக விடையளிக்கவில்லை. அதுவன்று பேசவேண்டியது, வாழ்வையும் சாவையும் பற்றித் தங்களோடு நேரில் உரையாட விரும்புகிறேன் என்ற பொருள்படச் சொன்னார். மறுமுனையில் இணைப்புத் துண்டிக்கப்பட்டது. அவ்வுரையாடல் பல வடிவங்களில் வழங்குகிறது. மண்டெல்ஷ்டாமின் மனைவியும் அன்னா அக்மதோவாவும் பாஸ்டர்நாக் நடந்துகொண்ட விதத்துக்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண் வழங்கினர். பாதிக்கப்பட்டவர்களே அளித்த மதிப்பெண் அது. அதற்கு மேல் தீர்ப்புச் சொல்லப் பிறருக்கு உரிமையில்லை. மண்டெல்ஷ்டாம் மீண்டும் கைதாகி 1938 டிசம்பரில் விளாடிவோஸ்டாக் அருகே கைதிகள் முகாமில் மடிந்தார்.

1937இல் படைத்தலைவர் துகாசெவ்ஸ்கி முதலியோரின் மரணதண்டனையை ஆதரித்து எழுத்தாளர்களிடம் கையொப்பம் வாங்கப்பட்டது. பாஸ்டர்நாக் மறுத்தார். மனைவி சினைதா அப்போது கருவுற்றிருந்தார். பிறக்கப்போகும் குழந்தைக்காகவேனும் கையொப்பமிடுமாறு கெஞ்சினார். அப்போதும் மறுத்தார். ஆயினும் வெளியான அறிக்கையில் அவர் பெயர் இருந்தது! அதே ஆண்டில் அவருடைய ஆருயிர் நண்பர்களான ஜார்ஜியக் கவிஞர்கள் இருவரில் யாஷ்விலி தம்மைத் தாமே சுட்டுக்கொண்டார். தபித்ஸே சுட்டுக் கொல்லப்பட்டார். பாஸ்டர்நாக் தப்பியது எங்ஙனம் என்பதற்குத் தெளிவான விடை கிடையாது.

சொந்தக் கவிதைக்கு இடம் சுருங்கியபோது மொழிபெயர்ப்பு கைகொடுத்தது. ‘ஹாம்லெட்’, ‘ரோமியோ ஜூலியட்’, ‘ஒதெல்லோ’, ‘லியர் மன்னன்’, ‘மாக்பெத்’ ஆகிய ஷேக்ஸ்பியர் நாடகங்களும் கதேயின் ‘ஃபாஸ்ட்’டும் அவர் கையால் ரஷ்ய மொழியில் புத்துயிர் பெற்றன. வயிற்றுப் பிழைப்புக்காகச் செய்ததுதான். ஆயினும் ரஷ்ய நாடக மேடை இன்றும் அவற்றைக் கொண்டாடுகிறது. 1941 ஆகஸ்டில் போர் நெருங்கியபோது கவிஞர் மெரினா ஸ்வெடாயேவாவைப் படகுத்துறை வரை சென்று வழியனுப்பினார். அம்மாத இறுதியில் யெலாபுகா என்னும் ஊரில் அவர் தூக்கிட்டு மாண்டார். உரிய நேரத்தில் உதவத் தவறினோம் என்ற எண்ணம் இங்கும் பாஸ்டர்நாக்கைத் தொடர்ந்தது. மாண்டவர்களுக்குத் தாம் பட்டிருக்கும் கடனாகவே ‘டாக்டர் ஷிவாகோ’வை அவர் கருதினார் என்பதை இந்தப் பின்னணியில் வைத்துத்தான் உணர முடியும்.

போர் முடிந்த காலத்தில் தொடங்கி 1955 வரை, ஏறத்தாழ பத்தாண்டு, அவர் இந்நாவலை எழுதினார். 1946 அக்டோபரில் ‘நோவி மிர்’ இதழின் அலுவலகத்தில் ஓல்கா இவின்ஸ்காயாவைச் சந்தித்தார். மனைவி இருக்க அவரிடம் மனத்தைப் பறிகொடுத்தார். இரண்டு இல்லங்களுக்கிடையே எஞ்சிய வாழ்நாளைக் கழித்தார். 1949இல் இவின்ஸ்காயா கைதானார். விசாரணையில் கேட்கப்பட்டவையெல்லாம் பாஸ்டர்நாக்கைப் பற்றியவையே. சிறையில் அவர் கரு சிதைந்தது. ஸ்டாலின் இறந்த பின் 1953இல்தான் முகாமிலிருந்து விடுதலையானார். கவிஞரைத் தொட அஞ்சிய அரசு, அவர் அன்புகொண்டவரைத் தண்டித்தது.

நாவலின் நாயகன் யூரி ஷிவாகோ ஒரு மருத்துவன், கவிஞன். 1905, 1917, உள்நாட்டுப் போர் ஆகிய புயல்களில் அலைக்கழிந்து, 1929இல் மாஸ்கோ டிராம் வண்டியிலிருந்து மூச்சுத்திணறி இறங்கிச் சாகிறான். அவன் விட்டுச்சென்ற 25 கவிதைகளோடு நூல் முடிகிறது. அரசைக் கவிழ்க்கச் சொல்லும் வரி எதுவும் அதில் இல்லை. ஆனால் வருங்காலத்துக்காக நிகழ்காலத்து மனிதனைப் பலியிடுவதை ஏற்காத குரல் பக்கந்தோறும் கேட்கிறது. 1956 செப்டம்பரில் ‘நோவி மிர்’ ஆசிரியர் குழு அனுப்பிய நீண்ட மறுப்புக் கடிதம் இதையே குற்றமாகச் சுட்டிற்று. கையொப்பமிட்டவர்களுள் ஒருவர் அண்டை வீட்டு நண்பர் கான்ஸ்தன்தீன் ஃபெதின்.

அக்கடிதம் வருவதற்கு முன்னரே கைப்பிரதி எல்லை தாண்டிவிட்டது. 1956 மே 20ஆம் நாள் மாஸ்கோ வானொலியில் பணியாற்றிய இத்தாலியக் கம்யூனிஸ்ட் செர்ஜியோ தாஞ்சலோ பெரெடெல்கினோவுக்கு வந்தார். மிலான் நகரப் பதிப்பாளர் ஃபெல்ட்ரினெல்லிக்காகப் பிரதியைக் கேட்டார். கொடுத்துவிட்டுப் பாஸ்டர்நாக், தம்மைச் சுட்டுக் கொல்லும் நிகழ்ச்சிக்கு இப்போதே அவரை அழைத்துவிட்டதாக நகைத்தபடி விடைகொடுத்தார். ஃபெல்ட்ரினெல்லியும் இத்தாலியக் கம்யூனிஸ்ட் கட்சியின் உறுப்பினர்தாம். பெருஞ்செல்வர் வீட்டுப் பிள்ளை. ஆகவே இந்நூலை முதலில் வெளியுலகுக்குக் கொணர்ந்தவர்கள் கம்யூனிச எதிரிகள் அல்லர். அவ்வாண்டு இறுதியில் ஹங்கேரியில் சோவியத் டாங்குகள் புகுந்தன. மேற்கு ஐரோப்பிய இடதுசாரிகள் பலருடைய நம்பிக்கை ஆட்டங்கண்டது. நூலைத் திருப்பிவிடுமாறு தந்தியடிக்கும்படி பாஸ்டர்நாக் வற்புறுத்தப்பட்டார், அடித்தார். ஆனால் பிரெஞ்சு மொழியில் எழுதுவதை மட்டுமே நம்பவேண்டும் என்று பதிப்பாளரோடு முன்னரே ஏற்பாடு இருந்தது. 1957 அக்டோபரில் எழுத்தாளர் சங்கத்தின் சூர்கோவ் மிலானுக்கே நேரில் சென்று மிரட்டிப் பார்த்தார். ஃபெல்ட்ரினெல்லி மசியவில்லை. நவம்பரில் நாவல் இத்தாலிய மொழியில் வெளிவந்தது.

இதன்பின் நிகழ்ந்தவற்றுள் ஒரு பகுதி 2014இல் அமெரிக்க மைய உளவு நிறுவனம் தன் ஆவணங்களை வெளியிட்ட பின்னரே ஐயத்துக்கிடமின்றித் தெரியவந்தது. 1958 சனவரியில் பிரிட்டிஷ் உளவுத்துறை நாவலின் ரஷ்ய மூலத்தை இரண்டு நுண்படச் சுருள்களாக அமெரிக்கர்களுக்கு அனுப்பியது. அவர்கள் அதைப் படித்து எழுதிய குறிப்பு நல்லதோர் இலக்கியத் திறனாய்வாகவே உள்ளது. ஒவ்வொரு மனிதனும், அவனது அரசியல் பற்று எதுவாயினும், தனிவாழ்வுக்கும் மதிப்புக்கும் உரியவன் என்னும் நூலின் கருத்தே சோவியத் அமைப்புக்கு அடிப்படை அறைகூவல் என்று அதில் கணித்திருந்தனர். ‘நோவி மிர்’ குழு கண்ட அதே மையத்தைத்தான் அவர்களும் கண்டனர். இரு தரப்பினரும் நூலைச் சரியாகவே படித்திருந்தனர். ஒருவர் புதைக்கவும் மற்றவர் எறியவும் விரும்பினர் என்பதே வேறுபாடு. டச்சு உளவுத்துறையின் துணையோடு ஹேக் நகரில் ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்ட படிகள் அச்சாயின. அவற்றுள் முந்நூற்றுச் சொச்சம் பிரஸ்ஸல்ஸுக்குப் போயின. 1959இல் சட்டைப் பையில் அடங்கும் மெல்லிய தாள் பதிப்பு ஒன்று, பாரிஸில் இல்லாத ஒரு பதிப்பகத்தின் பெயரால் அச்சிடப்பட்டு, வியன்னாவில் நடந்த உலக இளைஞர் விழாவில் வழங்கப்பட்டது. ஹேக் பதிப்பைப் பற்றி அறிந்த பாஸ்டர்நாக் மனம் நொந்தார். தாம் திருத்தாத படியிலிருந்து பிழை மலிய அச்சிடப்பட்டு, தம் நூலே அன்று எனத்தக்க நிலையில் அது இருந்ததே காரணம். எந்த அரசு அச்சிட்டது என்பதைவிட எத்தனை பிழையோடு அச்சிட்டது என்பதே அவரை உறுத்திற்று. கவிஞர்களுக்கு இது வியப்பளிக்காது.

கருத்துச் சுதந்திரத்தின் காவலராகக் கோலம் பூண்ட அமெரிக்கா, தன் நாட்டுக் கறுப்பினப் பாடகர் பால் ராப்சனின் கடவுச்சீட்டை 1950இல் பறித்து 1958 வரை திருப்பித் தராமல் வைத்திருந்தது என்பதும் இங்கே நினைக்கத்தக்கது. நூல் வழியே மனங்களை வெல்லும் போட்டியில் தமிழ் வாசகரும் ஒரு களமாக இருந்தனர். மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் மலிவு விலையில் அளித்த தமிழ் நூல்கள் வழியே டால்ஸ்டாயும் கார்க்கியும் ஷோலகோவும் நம் வீடுகளுக்கு வந்தனர். ‘டாக்டர் ஷிவாகோ’ அவ்வழியே வர இயலவில்லை.

1958 அக்டோபர் 23ஆம் நாள் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பாஸ்டர்நாக்குக்கு அறிவிக்கப்பட்டது. போர் முடிந்த நாள்முதலே அவர் பெயர் பலமுறை பரிந்துரைக்கப்பட்டு வந்தது. உளவு நிறுவனத்தின் கை சுவீடிஷ் அகாடமி வரை நீண்டது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. மகிழ்ச்சியும் நன்றியும் வியப்பும் நாணமும் கலந்து ஸ்டாக்ஹோமுக்குத் தந்தியனுப்பினார். இரண்டே நாளில் ‘லித்தரத்தூர்நயா கஸேத்தா’ தாக்குதலைத் தொடங்கியது. 26ஆம் நாள் ‘பிராவ்தா’ தொடர்ந்தது. 27ஆம் நாள் எழுத்தாளர் சங்கம் அவரை நீக்கிற்று. 29ஆம் நாள் அவர் பரிசை ஏற்க இயலாதெனத் தந்தியடித்தார். அன்று மாலையே இளங்கம்யூனிஸ்ட் கழகத் தலைவர் செமிசாஸ்த்னி பெருங்கூட்டத்தில் அவரைப் பன்றியினும் கீழானவராகச் சித்திரித்து, நாட்டைவிட்டுப் போகட்டும் என்று முழங்கினார். அவ்வசையைச் சொல்லிக்கொடுத்தவர் குருஷேவே என்பது பின்னாளில் வெளிப்பட்டது. அதே வாரத்தில் இயற்பியலுக்கான நோபல் பரிசு செரன்கோவ், ஃபிராங்க், தாம் ஆகிய மூன்று சோவியத் அறிஞர்களுக்குக் கிடைத்தது! இயற்பியல் பரிசு நேர்மையானது, இலக்கியப் பரிசு அரசியல் சூழ்ச்சி என்று ஒரே மூச்சில் விளக்கவேண்டிய இக்கட்டு ‘பிராவ்தா’வுக்கு நேர்ந்தது.

31ஆம் நாள் மாஸ்கோ எழுத்தாளர்கள் கூடி அவருடைய குடியுரிமையைப் பறிக்குமாறு அரசை வேண்டினர். நூலைப் படிக்காமலே கண்டித்தவர் பலர். அது பின்னர் ரஷ்ய மொழியில் பழமொழியாகவே ஆகிவிட்டது. கண்டித்துப் பேசியவர்களில் நல்ல கவிஞர் போரிஸ் ஸ்லுத்ஸ்கியும் ஒருவர். அந்தச் சில நிமிடப் பேச்சுக்காக அவர் இறக்கும்வரை வருந்தினார். வசை பாடியவர்களைப் பட்டியலிடுவது எளிது. அந்த மண்டபத்தில் அமர்ந்திருந்தால் எழுந்து வெளியேறியிருப்போமா என்று கேட்டுக்கொள்வதுதான் கடினம்.

ரஷ்யாவை விட்டு வெளியேறுவது தமக்குச் சாவுக்கு ஒப்பானது என்று குருஷேவுக்கு விண்ணப்பம் எழுதப்பட்டது. இவின்ஸ்காயாவும் நண்பர்களும் வரைந்த கடிதத்தில் பாஸ்டர்நாக் கையொப்பமிட்டார். தளர்ந்தார், பணிந்தார் என்று அக்கடிதத்தை இகழ்ந்தவர்கள் உண்டு. ஆனால் மண்ணையும் மொழியையும் இழந்த தங்கையரையும் தாய் தந்தையரையும் எண்ணிப் பார்த்தவருக்கு அது பணிவாகத் தோன்றாது. இந்தியப் பிரதமர் நேரு, ஆளும் கருத்துக்கு மாறுபட்ட கருத்தைச் சொல்லும் எழுத்தாளரும் மதிக்கப்படவேண்டும் என்று வெளிப்படையாகவே வருத்தம் தெரிவித்தார். அவர் நாடு கடத்தப்படவில்லை. அமெரிக்காவில் நாவல் பல வாரங்கள் விற்பனைப் பட்டியலின் உச்சியில் நின்றது. அது கீழே தள்ளிய நூல் நபகோவின் ‘லோலிதா’. மேற்கில் குவிந்த உரிமைத்தொகை அவர் கைக்கு எட்டவில்லை. மொழிபெயர்ப்பு வேலைகளும் நின்றன. கடன் வாங்கிக் குடும்பம் நடத்தினார். பரிசைப் பற்றி எழுதிய கவிதை லண்டன் நாளேடு ஒன்றில் வெளியானதற்காக 1959 மார்ச்சில் தலைமை அரசு வழக்குரைஞர் அவரை அழைத்துத் தேசத்துரோகக் குற்றம் சாட்டப்படும் என எச்சரித்தார்.

1960 மே 30ஆம் நாள் இரவு நுரையீரல் புற்றுநோயால் பாஸ்டர்நாக் காலமானார். வயது 70. இலக்கிய நிதிக்கழக உறுப்பினர் ஒருவர் மறைந்தார் என்று ஓரிரு வரிச் செய்தி மட்டும் வந்தது. அடக்கம் எங்கே, எப்போது என்பது அதில் இல்லை. கீயெவ் ரயில் நிலையத்தின் பயணச்சீட்டு அறையில் யாரோ கையால் எழுதிய அறிவிப்பை ஒட்டினர். கிழித்தால் மீண்டும் ஒட்டினர். ஜூன் 2ஆம் நாள் பெருந்திரளானோர் பெரெடெல்கினோவுக்கு வந்தனர். வீட்டில் ஸ்வியாதொஸ்லாவ் ரிக்தர் பியானோ வாசித்தார். அரசு அனுப்பிய வண்டியை மறுத்துச் சவப்பெட்டியைத் தோளிலேயே சுமந்து சென்றனர். புதைகுழியருகே நாவலின் முதற்கவிதையாகிய ‘ஹாம்லெட்’டை ஒருவர் உரக்கச் சொன்னார், அச்சேறாத அக்கவிதையைச் சூழ நின்றவர்களில் பலர் மனப்பாடமாக அறிந்திருந்தனர். கூட்டத்தில் நின்ற இளம் எழுத்தாளர்கள் சின்யாவ்ஸ்கியும் தானியேலும், வெளிநாட்டில் நூல் வெளியிட்ட குற்றத்துக்காக 1966இல் சிறை சென்றனர்.

பதவி இழந்து வீட்டோடு முடங்கிய பிறகு குருஷேவ் ‘டாக்டர் ஷிவாகோ’வைப் படித்தார், தடை செய்திருக்க வேண்டியதில்லை என்று தம் நினைவுக் குறிப்புகளில் வருந்தினார். 1987இல் எழுத்தாளர் சங்கம் தன் நீக்கத் தீர்மானத்தை ரத்து செய்தது. 1988இல் நாவலை நான்கு இதழ்களில் வெளியிட்டது அதே ‘நோவி மிர்’. 1989 டிசம்பரில் மூத்த மகன் எவ்கேனி ஸ்டாக்ஹோம் சென்று தந்தையின் பதக்கத்தைப் பெற்றார்.

இவின்ஸ்காயாவின் கதை வேறு. கவிஞர் மறைந்த மூன்றாம் மாதமே, வெளிநாட்டிலிருந்து வந்த உரிமைத்தொகையைக் கைக்கொண்ட குற்றத்துக்காக அவர் மீண்டும் கைதானார், மகளும் கைதானார். தாய்க்கு எட்டாண்டு, மகளுக்கு மூன்றாண்டு. 1964இல் தாய் வெளியே வந்தார். 1988இல் குற்றமற்றவர் என்று அறிவிக்கப்பட்டார். கைதின்போது பறித்துச் சென்ற பாஸ்டர்நாக்கின் கடிதங்களையும் கையெழுத்துப் படிகளையும் கேட்டு நீதிமன்றப் படியேறினார். சோவியத் ஒன்றியம் கலைந்து நான்காண்டுகள் ஆகியிருந்தன. 1995 செப்டம்பரில் அவர் இறந்தபோது, அக்கடிதங்கள் அரசுக் காப்பகத்திலேயே இருந்தன.